சில்லுக்குள் இருக்கும் துரு: எம்ஜிபி காரின் உடலை வெட்டிப் பற்றவைக்கும் முறை

பெயின்ட் கொப்பளித்திருக்கும் இடத்தில்தான் துரு தொடங்கியிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அது துரு வெளியே எட்டிப் பார்த்த கடைசி இடம். தகட்டின் மறுபக்கத்தில், இரண்டு தகடுகள் ஒட்டி நிற்கும் மடிப்புக்குள், மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த மூலையில் பல வருடம் அரித்துவிட்டுத்தான் அது பெயின்ட்டைத் தூக்குகிறது. இரும்பு துருவாக மாறும்போது கன அளவு பல மடங்கு பெருகும். ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாக உருக்கிச் சேர்ப்பது) வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே அந்தப் பெருக்கம் நடந்தால் வெல்டுக்கு வெல்டு தகடு அலையலையாக உப்பும். பிறகு வெல்டே பிய்ந்து வரும். அந்த நிலையில் மேலே சுரண்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் தாண்டுவதே கஷ்டம்.

துரு வேலை என்றதும் எல்லோரும் வெல்டிங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வெல்டிங் பழகிக்கொள்ளக் கூடியது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது, வெட்டும்போது காரின் வடிவம் கலையாமல் எப்படிப் பிடித்து வைப்பது, மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தை எப்படிக் காப்பது ஆகிய மூன்றில்தான் வேலையின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. இதில் ஒன்று தவறினாலும் எவ்வளவு சீரான வெல்டு வைத்தாலும் பயனில்லை.

எடுத்துக்காட்டாக எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துப் பேசலாம். 1962இல் வந்து 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான கார் இது. திறந்த ரோட்ஸ்டர், கூரையுள்ள ஜிடி இரண்டும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடலையும் மறுபடி தயாரித்தது. உதிரித் தகடுகளும் ஏராளமாகக் கிடைப்பதால், வெட்டிவிட்டு என்ன செய்வது என்ற பயம் இந்தக் காரில் குறைவு. அதன் துரு பரவும் விதத்தைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களையும் பார்க்கத் தெரிந்துவிடும்.

எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே சட்டம். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால், முன் பாதியும் பின் பாதியும் நடுவில் மடிந்துவிடாமல் பிடித்து வைப்பவை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் பெட்டிபோல் ஓடும் இரண்டு பக்கச் சில்களும் நடுவே ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும்தான். கதவுக்குக் கீழே வெளியிலிருந்து தெரியும் வளைந்த தகடு வெளிச் சில். அதற்குப் பின்னால் செங்குத்தாக ஒரு நடுத்தகடு நிற்கும். அதற்கும் உள்ளே தரையோடு சேர்ந்த உள் சில். உள் சில்லுக்கும் நடுத்தகட்டுக்கும் இடையிலான பெட்டியை அடியில் மூடுவது, கோட்டைச் சுவர்போல் ஏறி இறங்கும் வெட்டுமுகம் கொண்ட ஒரு நீளத் தகடு. ஆங்கிலேயர்கள் இதைக் காசில் ரெயில் என்கிறார்கள். ஆக, ஒரு சில்லுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். அடி விளிம்பில் வெளிச் சில், நடுத்தகடு, காசில் ரெயில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஸ்பாட் வெல்டில் நிற்கும். தண்ணீர் இறங்கித் தங்குவதும் அங்கேதான். வெளிச் சில்லில் விரல் நுழையும் ஓட்டை தெரிகிறது என்றால் நடுத்தகட்டின் அடிப்பகுதி ஏற்கெனவே இற்றுப்போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் வந்த வழி

முன் மட்கார்டைக் கழற்றாமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். எம்ஜிபியில் அது போல்ட்டில் நிற்பது. சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் பின் மூலையில், உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் போய் அடைந்து கிடக்கும். தடுப்பின் ரப்பர் விளிம்பு காய்ந்து சுருங்கிய நாளிலிருந்து சேறு உள்ளே போகும், வெளியே வராது. குளிர்நாட்டுச் சாலைகளில் பனியை உருக்கப் போடும் உப்பும் அந்தச் சேற்றோடு கலந்திருந்தால் துருவின் வேகம் பல மடங்காகும். சில்லின் முன் முனை அந்தச் சேற்றுக்குள்தான் புதைந்திருக்கிறது.

இரண்டாவது வழி, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் திறப்பு. அதன் வழியாக விழும் மழைநீர் கீழே ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியேற வேண்டும். இலையும் தூசும் அந்தக் குழாயை அடைத்துவிட்டால் நீர் ஹீட்டர் பக்கம் வழிந்து கால் வைக்கும் இடத்துக்கு வரும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தை வருடக் கணக்கில் ஈரமாகவே இருக்கும். தரைத் தகடு மேலிருந்து கீழாக இற்றுப்போயிருந்தால் இந்தக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும், கீழிருந்து மேலாக என்றால் சேற்றை. தகட்டின் எந்தப் பக்கம் அதிகமாகக் குழி விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மூன்றாவது, கதவு. கதவுக் கண்ணாடி வழியே இறங்கும் நீர் கதவின் அடியில் உள்ள துளைகள் வழியே போக வேண்டும். துளை அடைத்தால் கதவின் அடிமடிப்பு முதலில் போகும். இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்குக் கீழே தொங்கும் பேட்டரிப் பெட்டிகளும் அப்படித்தான். பழைய கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் ஆளுக்கொரு பெட்டியில் இருந்தன. அமிலம் சிந்திய பெட்டியைச் சுரண்டிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பெட்டிக்கு அருகில்தான் பின் ஸ்பிரிங்கின் முன் முனை உடலோடு சேரும் தாங்கி இருக்கிறது. அங்கே குத்திப் பார்க்காமல் காரை வாங்கவே கூடாது.

குத்திப் பார்ப்பது என்றால் நிஜமாகவே குத்த வேண்டும். கூர்மையான சிறு சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், நல்ல டார்ச், மெல்லிய துணி சுற்றிய காந்தம், இவை போதும். நல்ல தகட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இற்ற தகடு பொத்தென்று அமுங்கும். காந்தம் பிடிக்காத இடத்தில் கனமான பட்டி இருக்கிறது, அல்லது ஃபைபர் கிளாஸ். இருட்டில் உள்பக்கம் டார்ச் வைத்து வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளைகள் நட்சத்திரம்போல் தெரியும். ஃபிளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் எமரி மடல்கள் கொண்ட தட்டு) தேய்த்தபின் தகடு பளபளப்பாக வந்து, குழிகளுக்குள் மட்டும் கறுப்புப் புள்ளிகள் நின்றால், அந்தக் குழியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். தகட்டின் பருமனில் பாதிக்குமேல் அரித்திருந்தால் அங்கே வெல்டு நிற்காது. வெல்டிங்கின் மின்வில் பட்டதும் பொத்துக்கொள்ளும்.

பழைய ரிப்பேர்கள் இன்னும் மோசமானவை. இற்ற சில்லின்மேல் அப்படியே ஒரு புதுத் தகட்டைக் கவிழ்த்து ஓரம் பிடித்துவிடும் வேலை ஒரு காலத்தில் பரவலாக நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சில் புத்தம் புதிது. உள்ளே பழைய துருவும் புதுத் தகடும் ஈரத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும், வலிமை துளியும் கூடியிருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: சில்லின் முன் முனை மட்கார்டுக்கு உள்ளேயும், பின் முனை பின் குவார்ட்டர் தகட்டுக்கு (கதவுக்குப் பின்னால் உள்ள பக்கத் தகடு) உள்ளேயும் தொடர்ந்து ஓட வேண்டும். மட்கார்டு விளிம்போடு வெட்டி நிறுத்தப்பட்ட சில் என்றால் அது மூடிதான்.

பிரிட்டனின் எம்ஓடி என்ற வாகனத் தகுதிப் பரிசோதனையின் விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் போன்றவை உடலில் பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகடு பலவீனமாக இருக்கக் கூடாது. பளு தாங்கும் இடத்தில் ஒட்டுத் தகடு போட்டால் சுற்றிலும் இடைவிடாத வெல்டு வேண்டும். ஆலையில் வைத்த அதே தகட்டை அதே இடத்தில் மாற்றினால் மட்டும் ஆலை செய்ததுபோல ஸ்பாட் வெல்டு போதும். 2018 மே முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத 40 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அங்கே அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால் பார்க்க வேண்டியவர் உரிமையாளர்தான். அந்த 30 செ.மீ. விதியை நான் எல்லாக் கார்களுக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

வெட்டுவதற்கு முன்: வடிவத்தைப் பூட்டுவது

திறந்த காரில் ஒரு சில்லை வெட்டி எடுத்துவிட்டால் உடல் நடுவில் தொய்யும். அப்படித் தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லைப் பற்றவைத்துவிட்டால் கார் நிரந்தரமாக அந்த வடிவத்தில் நின்றுவிடும். அதன்பிறகு கதவு சரியாக மூடாது, எத்தனை முறை கீலைத் தளர்த்தி முறுக்கினாலும் சரியாகாது. வேலை தொடங்கும் முன்பே கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவின் மேல்பக்க இடைவெளி குறுகி, கீழே போகப்போக விரிந்தால் கார் ஏற்கெனவே தொய்ந்திருக்கிறது. முதலில் அதை நிமிர்த்த வேண்டும்.

காரைத் தாங்க வேண்டிய இடங்கள், அது சாலையில் நிற்கும்போது எடை இறங்கும் இடங்களே: முன்னால் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் (கிராஸ்மெம்பர்), பின்னால் ஆக்சில் அல்லது ஸ்பிரிங் தாங்கிகள். தரை சமமாக இருக்க வேண்டும், நான்கு ஸ்டாண்டும் ஒரே மட்டத்தில். எஞ்சினை இறக்குவதா வேண்டாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. எதைச் செய்தாலும் அளவு எடுத்த நிலையிலேயே வெல்டிங்கும் முடிய வேண்டும். நடுவில் எஞ்சினை இறக்கினால் எடுத்த அளவெல்லாம் வீண்.

25 மி.மீ. சதுரக் குழாயில் ஒரு தாங்குசட்டம் செய்து, கதவுக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குக் குறுக்கே பொருத்த வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, குறுக்காக ஒன்று. நடுவில் இரண்டு பக்கமும் மரை வெட்டிய டர்ன்பக்கிள் இருந்தால் தொய்ந்த உடலை அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகத் தள்ளி நிமிர்த்தலாம். பலர் கவனிக்காத ஒன்று: இந்தச் சட்டத்தைக் கதவு நிற்கும் இடத்தில் வைத்துவிட்டால் கதவை மாட்டிப் பார்க்க முடியாது. அதனால் தூண்களின் உள்பக்கத்தில், இருக்கைப் பக்கமாக வைத்துப் பிடியுங்கள். இடது பூட்டுத் தூணையும் வலது பூட்டுத் தூணையும் இணைத்து ஒரு குழாய் போட்டால் அகலமும் பூட்டிக்கொள்ளும். கதவுத் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, எண்களைத் தூணிலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தில் கிரைண்டரை வைக்க வேண்டும்.

தீ விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெல்டிங் நடக்கும் இடத்தைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும். காலியான டேங்க்கில் ஆவி நிறைந்திருப்பதால் அது நிரம்பிய டேங்க்கைவிட ஆபத்தானது. பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கார்ப்பெட், ஒலித்தடுப்புப் பாய், அடியில் பூசிய தார், சில்லுக்குள் முன்பு யாரோ அடித்த துருத்தடுப்பு மெழுகு எல்லாமே எரியும். மெழுகு பெட்டிக்குள்ளே புகைந்து தாமதமாகப் பற்றும் என்பதால் கடைசி வெல்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது அருகிலேயே இருக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வில் மூட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். குளோரின் இல்லாத கிளீனரையோ அசிட்டோனையோ மட்டும் பயன்படுத்தி, முழுதாகக் காய்ந்தபின் தொடங்குங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

வெட்டுவதும் பொருத்துவதும்

பின் குவார்ட்டர் தகட்டின் அடிப்பகுதியை, கதவுத் திறப்புக்கும் பின் சக்கர வளைவுக்கும் நடுவே, வெட்டித் திறந்தால்தான் சில்லின் பின் முனை தெரியும். நல்ல தகட்டை வெட்டுவதற்குக் கை வராது, ஆனாலும் வெட்டியாக வேண்டும். அங்கே ஒளிந்திருக்கும் 20 செ.மீ. சில்லை விட்டுவிட்டுப் புதுச் சில்லை வெளியே மட்டும் பிடித்தால் கதையே மறுபடி தொடங்கும். எந்த இடத்தில் வெட்டினாலும் கண்ணுக்குத் தெரியும் துருவிலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி, இரண்டு பக்கமும் பளிச்சென்று வரும் தகட்டில்தான் கோடு போட வேண்டும்.

பழைய ஸ்பாட் வெல்டுகளைப் பிரிக்க அதற்கென்றே இருக்கும் 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு டிரில்லை வைத்து மேல் தகட்டை மட்டும் துளைக்கலாம். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மெல்லிய எமரியால் லேசாகத் தேய்த்தால் ஸ்பாட்டின் வட்டம் தெரியும். எறியப் போகும் தகடு எது, இருக்கப் போகும் தகடு எது என்று பார்த்து, எறியப் போவதன் பக்கமிருந்து மட்டும் துளையுங்கள். முதலில் வெளிச் சில், பிறகு நடுத்தகடு, கடைசியாகக் காசில் ரெயில். திரும்பப் பொருத்தும்போது நேர் எதிர் வரிசை.

புதுத் தகடுகளை கிளாம்ப்பில் பிடித்துவிட்டு, வெல்டு எதுவும் வைக்காமல், மட்கார்டையும் கதவையும் மாட்டிப் பார்க்க வேண்டும். கதவின் அடி விளிம்புக்கும் சில்லுக்கும் நடுவே முன்னிருந்து பின்வரை 4 முதல் 5 மி.மீ. ஒரே சீராக வர வேண்டும். சரிவராவிட்டால் சில்லை நகர்த்துங்கள், கதவுக் கீலைத் தொடாதீர்கள். சந்தையில் வரும் உதிரித் தகடுகளில் துளைகள் இடம் மாறியிருக்கும், மடிப்பு ஆழம் கூடக்குறைய இருக்கும். பொருத்திப் பார்க்கும் இந்தக் கட்டத்துக்கு வெல்டிங்கைவிட அதிக நேரம் போனால் வேலை சரியான வழியில் போகிறது என்று அர்த்தம்.

உள்பக்கங்களை மூடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றோடொன்று படியும் விளிம்புகளில் வெல்டு தாங்கும் துத்தநாகப் பிரைமரை மெல்லியதாக அடித்து, வெல்டு விழும் துளைக்குள் மட்டும் சுரண்டிவிடுங்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். எஃகு உருகுவதோ சுமார் 1500 டிகிரியில். உருகிய குழம்புக்குள் ஆவி மாட்டிக்கொண்டால் வெல்டு பொரிந்து துளை துளையாக வரும். அந்த ஆவியைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும், காற்றோட்டம் அவசியம். துத்தநாகம் பூசிய தகட்டை வாங்கியிருந்தால் விளிம்பில் 20 மி.மீ. வரை தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

பற்றவைப்பு

அந்தக் காலத்து வெளித் தகடுகள் பெரும்பாலும் 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. பளு தாங்கும் பகுதிகள் 18 கேஜ், சுமார் 1.2 மி.மீ.; சில தாங்கிகள் அதற்கும் மேல். இருந்த பருமனையே திரும்பப் போட வேண்டும். கனமான தகடு போட்டால் வலிமை கூடும் என்று நினைத்து 2 மி.மீ. தகட்டை 0.9 மி.மீ. தகட்டோடு சேர்த்தால், கனமானது உருகும் முன் மெல்லியது ஓட்டையாகிவிடும். சேர்ந்துவிட்டாலும் வளையும் இடம் அந்த ஓரத்துக்கே மாறி, அங்கே கீறல் விடும்.

மிக் வெல்டரில் (கம்பி தானாக ஊட்டப்படும் வெல்டிங் இயந்திரம்) 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானோடு 5 முதல் 20 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு, நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். 1 மி.மீ. தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்க்க ஏறத்தாழ 40 முதல் 60 ஆம்பியர். வாயு இல்லாத ஃபிளக்ஸ் கம்பியில் மின்முனை தலைகீழாக மாறும் என்பதை மறக்கக் கூடாது. அதன் சூடும் தெறிப்பும் மெல்லிய தகட்டுக்கு ஆகாது, வெளித் தகடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எர்த் கிளாம்ப் வெல்டுக்கு அருகிலேயே, பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் கடிக்க வேண்டும். வெல்டு ஓட்டம் திக்கித் திணறினால் இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் எர்த்தையும், தேய்ந்துபோன முனைத் துளையையும், பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாரையும் பாருங்கள். முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து, பின்பக்கப் பூச்சை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான வெல்டுகள் பொரிகின்றன.

ஸ்பாட் வெல்டு இருந்த விளிம்புகளில் இப்போது பிளக் வெல்டு, அதாவது மேல் தகட்டில் துளை போட்டு அதை வெல்டால் நிரப்புவது. மேல் தகட்டில் 6 மி.மீ. துளை, கனமான தகடுகளுக்கு 8 மி.மீ. ஆலையில் ஸ்பாட்டுகள் எத்தனை தூரத்துக்கு ஒன்று இருந்தனவோ அதே தூரம், பெரும்பாலும் 25 முதல் 40 மி.மீ. இரண்டு தகடும் இறுக்கமாகப் படிந்திருக்க வேண்டும். நடுவே காகிதம் நுழையும் இடைவெளி இருந்தாலும் உருகிய உலோகம் அடித்தகட்டைத் தொடாமல் மேலேயே குமிழாக நின்றுவிடும். வில்லைத் துளையின் நடுவில், அடித்தகட்டின் மேல் மூட்டி, அது உருகியதும் சுருள் வட்டமாக வெளியே வந்து துளையை நிரப்புங்கள். விளிம்பு வெல்டைவிட ஒரு படி கூடுதல் சூடு தேவை.

வெல்டு பிடித்ததா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதே பருமனுள்ள இரண்டு துண்டுகளில் ஒரு பிளக் வெல்டு வைத்து, வைஸில் பிடித்து இடுக்கியால் உரித்துப் பாருங்கள். நல்ல வெல்டு என்றால் தகடு கிழிந்து, அடித்தகட்டின் மேல் ஒரு வட்டம் ஒட்டியபடியே நிற்கும். பொத்தானைப்போல் முழுதாகக் கழன்று வந்தால் சூடு போதவில்லை. கார் மேல் துப்பாக்கியை நீட்டும் முன் ஒவ்வொரு தடவையும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். சில் என்பது விபத்தில் உயிர் காக்கும் பகுதி.

ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை வரிசையாக வைத்துக்கொண்டே போகாதீர்கள். நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மேல் விளிம்பில் ஒன்று என்று தாவித் தாவி வைக்க வேண்டும். பாதி முடிந்ததும் கதவை மூடிப் பார்த்து, தூணில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். சூட்டில் சில் ஒரு பக்கம் இழுத்திருந்தால் இந்தக் கட்டத்தில் சில பிளக்குகளைத் துளைத்து எடுத்துச் சரி செய்யலாம்.

வெளித் தகடுகளில் பிரச்சினை வேறு. குவார்ட்டர் தகட்டின் கீழ்ப்பாதியைப் புதிதாகச் சேர்க்கும்போது வலிமையைவிட நெளிவுதான் கவலை. வெல்டு விழும் இடம் சூட்டில் விரியப் பார்க்கும். சுற்றிலும் குளிர்ந்த தகடு அதை விடாததால் அந்த உலோகம் தனக்குள்ளேயே தடித்துக்கொள்ளும். ஆறும்போது சுருங்கும். முன்பு இருந்த நீளம் திரும்ப வராது. கோடு நெடுக இது நடந்தால் தகடு இரண்டு பக்கமும் பள்ளமாகவும் மேடாகவும் நெளியும். அதனால் சேரும் கோட்டைத் தட்டையான வெளியின் நடுவில் வைக்காமல், மடிப்புக் கோட்டுக்கோ நல்ல வளைவுக்கோ அருகில் கொண்டுபோக வேண்டும். அங்கே தகடே தன்னைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுத் துண்டின் மூலைகளைச் சதுரமாக விடாமல் 15 முதல் 20 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள்.

ஒட்டுத் தகட்டை முதலில் முழுதாக வடிவம் செய்து, அதைக் காரின்மேல் வைத்து ஓரம் கீறி, கீறலுக்கு உள்ளே சற்றுக் குறைவாக வெட்டி, பிறகு அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். இடைவெளி கம்பியின் பருமன் அளவு, அரை முதல் முக்கால் மி.மீ. போதும். ஒரு முனையில் டாக் (சிறு பொட்டு வெல்டு), மறுமுனையில் டாக், நடுவில் டாக், பிறகு அந்த இடைவெளிகளின் நடுவில் என்று பாதி பாதியாகக் குறைத்து, 20 மி.மீ.க்கு ஒன்று வரும்வரை போகலாம். ஒவ்வொரு டாக்கும் ஒரு நொடிக்குள். கையை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபின்தான் அதன் அருகில் அடுத்தது. பின்னால் செம்புக் கட்டியைப் பிடித்தால் உருகிய எஃகு அதில் ஒட்டாது, பொத்தலும் விழாது.

டாக்குகளுக்கு நடுநடுவே, ஆறிய வெல்டுக்குப் பின்னால் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்து முன்னால் சுத்தியலால் தட்டினால் சுருங்கிய உலோகம் மறுபடி நீளும். நெளிவை எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. வெல்டைத் தவிரப் பக்கத்துத் தகட்டைத் தட்டிவிட்டால் அது நீண்டு புது மேடு உண்டாகும். மிக் வெல்டு கடினமானது, தட்ட அவ்வளவாக வளையாது. டிக் வெல்டு (டங்ஸ்டன் முனையால் வைப்பது) மெலிதாகவும் மென்மையாகவும் விழுவதால் கைக்கு எட்டும் வெளித் தகடுகளுக்கு அதுவே மேல். சில் விளிம்புகளுக்கு மிக் போதும். மீதியைத் தேய்க்க மெல்லிய டிஸ்க்கின் விளிம்பால் வெல்டு மேட்டை மட்டும் குறைத்து, பிறகு 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க். ஒரே இடத்தில் அழுத்தி நீலம் பூக்கும்வரை தேய்த்தால் அந்தச் சூடே தகட்டை நெளித்துவிடும்.

ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பற்றவைப்பது சுலபம்தான். ஆனால் பின்னால் ஒரு மடிப்பு உண்டாகி ஈரம் தங்கும். வெயிலில் நிற்கும் காரில் இரட்டைத் தகடும் ஒற்றைத் தகடும் வேறு வேறு வேகத்தில் சூடாகி, நாளடைவில் பெயின்ட் வழியே கோடு தெரியும். கண்ணுக்குத் தெரியும் வெளித் தகட்டில் இதைத் தவிர்ப்பது நல்லது.

எல்லாக் காருக்கும் இதே கை ஒத்துவராது. ஜாகுவார் இ-டைப்பின் முன்பக்க எஞ்சின் சட்டம் ரெனால்ட்ஸ் 541 என்ற எஃகுக் குழாய்களைப் பித்தளைப் பற்றாசால் சேர்த்தது. அதன்மேல் மிக் ஒட்டுப் போடுவதைவிடச் சட்டத்தையே மாற்றுவது மேல். லோட்டஸ் எலானின் உடல் ஃபைபர் கிளாஸ், துரு அதன் முதுகெலும்புச் சேசிஸில். 1976 மாடலிலிருந்து போர்ஷே 911 உடல் துத்தநாகம் தோய்த்த தகட்டில் வந்ததால், அதற்கு முந்தைய கார்களோடு ஒப்பிட்டால் வேலை வெகுவாகக் குறையும்.

மூடிய பிறகு

வெல்டிங் தொட்ட எல்லா இடத்திலும் துத்தநாகப் பிரைமர் எரிந்திருக்கும், பெட்டிக்கு உள்ளேயும்தான். வெளியே எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டு. தகடுகள் சேரும் இடுக்கை அடைக்கும் சீம் சீலரை வெறும் தகட்டின்மேல் போடாமல் எபாக்சியின் மேல் போட வேண்டும். நீர் வடியும் துளைகளை சீலரால் மூடிவிடுவது அடிக்கடி நடக்கிறது. துளைக்குள் ஒரு துண்டு வெல்டிங் கம்பியைச் செருகி வைத்துவிட்டுப் பூசினால் தப்பலாம். பாஸ்பாரிக் அமிலம், டானின் ஆகியவை கொண்ட துரு மாற்றிகள், வெட்டி எடுக்க முடியாத மேலோட்டமான துருவுக்கு உதவும். செதில் செதிலாக உதிரும் துருவின்மேல் அவை அடிவரை இறங்காது. அமிலம் மடிப்புக்குள் தங்கினால் பின்னாளில் பெயின்ட்டைத் தூக்கும்.

பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, ஊசித்துளையுள்ள வெல்டின்மேல் போடவே கூடாது. விளிம்புகளிலும் கதவு இடைவெளி ஓரங்களிலும் பழைய முறைப்படி ஈயம் பூசுவது நன்றாக நிற்கும். 30 பங்கு வெள்ளீயம், 70 பங்கு ஈயம் கலந்த பாடி சோல்டர் 183 டிகிரியில் இளகத் தொடங்கி, சுமார் 255 டிகிரிவரை வெண்ணெய் பதத்தில் இருக்கும். கொழுப்பு தடவிய மரத்தட்டையால் அந்தப் பதத்தில் பரப்பி, ஆறியபின் அரத்தால் மட்டும் ராவ வேண்டும். கிரைண்டர் வைத்தால் ஈயத்தூள் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். ஈயம் ஒட்டுவதற்காகத் தடவிய ஃபிளக்ஸைச் சோடா நீரில் நன்றாகக் கழுவாவிட்டால் பெயின்ட் அங்கேயே கொப்பளிக்கும்.

மெழுகு கடைசி வேலை, பெயின்ட் முழுதாகக் காய்ந்த பிறகு. 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான நாளில் அடித்தால் நன்றாக ஊர்ந்து மடிப்புக்குள் போகும். சுற்றிலும் தெளிக்கும் முனையுள்ள நீளக் குழாயைச் சில்லின் ஒரு முனைவரை நுழைத்து, அழுத்தியபடி மெல்ல இழுக்க வேண்டும். எம்ஜிபியில் நடுத்தகட்டின் இரண்டு பக்கமும் தனித்தனிப் பெட்டி என்பதால் இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அடித்துவிட்டு அடியில் மெழுகு சொட்டுவதைப் பார்த்துத் திருப்தியடைபவர்கள் உண்டு. மெழுகு நின்றதும் வடிதுளைகளை ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள். முதல் மழைக்குப் பிறகு ரப்பர் மூடியைக் கழற்றி, மெல்லிய கேமராவை உள்ளே விட்டு மேல் விளிம்பைப் பார்க்கலாம். மெழுகு இறங்கிப்போய்த் தகடு தெரியும் இடம் அங்கேதான் இருக்கும், அந்த இடத்துக்கு இன்னொரு தடவை அடித்துவிட்டு மூடியைப் போடலாம்.